மழைக்கு ஓர் எலும்பு, பனிக்கு ஓர் எலும்பு

போன வாரம் கரண்ட் போன ஒரு ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பேத்தி கேட்டாள், "தாத்தா, இதுவரைக்கும் உங்ககிட்ட எத்தனை கிடார் இருந்திருக்கும்?" விரல்விட்டு எண்ணினேன். பதினான்கு. அதில் ஒன்று என்னைவிட்டுப் போய்த் திரும்பி வந்தது, அதை ஒன்றாகவே கணக்கில் வைத்தேன். இப்போது கையில் இருப்பது இரண்டு. மற்றதெல்லாம் விற்றது, மாற்றியது, கொடுத்துவிட்டது, ஒன்று புயலில் போனது. பேத்திக்கு எண்ணிக்கை போதும், தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒவ்வொன்றையும் ஏன் விட்டோம் என்று யோசித்துக்கொண்டே வந்ததில் பாதிக்கு மேல் "கம்பி தூக்கலா இருக்கு", "இரையுது" என்று சொல்லித் தள்ளிவிட்டவையாக இருந்தன. குறை கிடாரில் இல்லை, மூன்று மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத ஒரு துண்டில்தான் இருந்தது என்று தெரிந்தபோது எனக்கு வயது நாற்பத்தெட்டு.

நான் பிறந்தது 1961-ல், ரங்கூனில். 1989-லேயே யாங்கோன் என்று மாற்றிவிட்டார்கள், வாயில் இன்னும் ரங்கூன்தான் வருகிறது. 1963, 64-ல் கடைகளையெல்லாம் தேசியமயமாக்கியபோது நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். கொண்டுபோக விட்டதும் கொஞ்சம்தான். எங்கள் மேல்வீட்டுக் குடும்பம் அப்பாவிடம் ஒரு அம்மிக்கல், ஒரு தேக்கு அலமாரி, கம்பியில்லாத ஒரு கிடார் மூன்றையும் ஒப்படைத்துவிட்டு, மதராஸ் போய்ச் சேர்ந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி யாரும் அனுப்பவில்லை. அம்மியில் அம்மா அரைத்தாள், அலமாரியில் துணி வைத்தோம், கிடார் மட்டும் அலமாரிக்கு மேல் பத்து வருஷம் கிடந்தது.

1974-ல் அதை இறக்கினேன். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. யாரோ உள்ளூர் ஆசாரி செய்தது, பெயர்ச்சீட்டு எதுவும் இல்லை. கம்பிக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் பற்பசைக்கே கூட்டுறவுக் கடையில் வரிசை. சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து அதிலுள்ள இழைகளை மாட்டினோம். மெல்லிய கம்பிகளுக்கு ஒற்றை இழை, தடித்ததற்கு இரண்டு மூன்று இழையை முறுக்கி. சுருதி எந்த ஜென்மத்திலும் சேராது. துரு விரலில் கறுப்பாக ஒட்டும், அந்தக் கையோடு சாப்பிட உட்கார்ந்தால் அம்மா கரண்டிக் காம்பால் மணிக்கட்டில் ஒன்று போடுவாள்.

அப்புறம் ஒரு நாள் கண்ணாடித் துண்டை ஓட்டைக்குள் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பலகைக்கு அடியில் ஏணிப்படி மாதிரி நேர்க்குச்சிகள் குறுக்கே ஒட்டியிருந்தன. நல்ல எஃகுக்கம்பி கிடார்களில் இந்தக் குச்சிகள் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று வெட்டிப் போகும், அமெரிக்காவில் மார்ட்டின் பட்டறை 1840-களிலேயே அந்த முறைக்கு வந்துவிட்டது என்பதெல்லாம் பின்னால் படித்தது. ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு சுமார் 70 கிலோ. ஒரு வளர்ந்த ஆள் ராப்பகலாக பிரிட்ஜை, அதாவது முன்பலகையில் கம்பிகளைப் பிடித்து வைத்திருக்கும் கட்டையை, பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிற மாதிரி. ஏணிப்படி பாவம் என்ன செய்யும், நடுவில் குழிந்துவிட்டது.

வாசிக்கக் கற்றுக்கொண்டது தெருமுனையில்தான். அந்தி சாய்ந்தால் பர்மியப் பையன்கள் நாலு பேர் டீக்கடை ஓரத்தில் ஒரு கிடாரை வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவார்கள், அது இன்றைக்கும் மாறவில்லை. நானும் போய் உட்காருவேன். வெளிநாட்டு மெட்டில் பர்மிய வார்த்தைகள் போட்ட பாட்டுகள், ஷான் பாடகர் சாய் தீ சாய்ங் பாட்டுகள், எல்லாவற்றுக்கும் நாலே கார்ட். அந்தத் தெருவிலேயே ஒரு வயதான சயா, அதாவது வாத்தியார், இருந்தார். அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கிடாரை வாங்கினால் முதல் வேலையாகக் கம்பிகளைத் தளர்த்தி வேறு சுருதிக்குக் கொண்டுபோவார், அப்புறம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக அவர் எடுக்கிற சத்தம் கிடார் மாதிரியே இருக்காது. சவுங் என்கிற பர்மிய யாழைத் தூரத்தில் இருந்து கேட்பது போல இருக்கும். பர்மியர்கள் கிடாரைக் கடன் வாங்கி அதற்குத் தங்கள் பழைய சங்கீதத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். நம்மால் அந்த அளவுக்கு முடியவில்லை. மாண்டலினை நம் ஆட்கள் வசப்படுத்தினார்கள், கிடாரை சினிமாவோடு விட்டுவிட்டோம் என்பது என் கட்சி, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கோயில் பஜனையில் நான் கிடாரோடு போய் உட்கார்ந்தபோது பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆர்மோனியக்காரர் மட்டும் "இருக்கட்டும் விடுங்க, பையன் தாளத்துக்காவது உதவுவான்" என்றார். அவர் சொன்னபடிதான் கட்டைக் கணக்கு படிந்தது. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி. பாடுகிறவர் நாலரைக் கட்டை என்று சொன்னால் அது எஃப் ஷார்ப், கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த இரண்டாவது உலோகக் கட்டில், போட்டு ஈ வடிவத்தில் வாசித்தால் தீர்ந்தது. கேப்போ என்றால் கடையில் வாங்கியது இல்லை, ஒரு பென்சிலும் சைக்கிள் டியூபில் வெட்டின ரப்பரும். கடைசி பாட்டுக்குள் ரப்பர் அறுந்து பென்சில் எகிறிப் போய் மிருதங்கத்தின் மேல் விழுந்த கதையும் உண்டு.

1981-ல் வந்தது யமாஹா எஃப்ஜி 180. கப்பலில் வேலை பார்த்த ஒரு பர்மியர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து இரண்டு மூன்று கை மாறினது. உள்ளே சிவப்புச் சீட்டு. 1966-ல் வெளிவர ஆரம்பித்த வகை, முன்பலகைகூட ஒட்டுப்பலகைதான், ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது ரதம். என் ராலே சைக்கிளையும் அதற்குமேல் ரொக்கமும் கொடுத்து வாங்கினேன். ஆறு வருஷம் அது என்னோடேயே தூங்கி எழுந்தது. இளையராஜா பாட்டுகள் கேசட்டில் வந்து சேர்ந்த காலம், அந்த கிடார் துண்டுகளைக் கண்டுபிடிக்க டேப்பை ஓட்டி ஓட்டி, ரீவைண்ட் பட்டனே உடைந்துபோனது.

ரங்கூன் மழை இருக்கிறதே, மே கடைசியில் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும், அதில் பெரும்பங்கு அந்த ஐந்து மாதத்தில். செருப்பில் பூஞ்சை, புத்தகத்தில் பூஞ்சை, கிடார் மரம் மட்டும் சும்மா இருக்குமா? ஈரத்தைக் குடித்து முன்பலகை உப்பும், உப்பினால் பிரிட்ஜ் மேலே ஏறும், கம்பியும் கூடவே ஏறும். நானோ கைக்குக் கிடைத்த தடித்த கம்பிகளைப் போட்டு இன்னும் இழுக்கவிட்டிருந்தேன். 1987-ல் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே என் சுண்டு விரல் நகத்தை நிமிர்த்தி விட்டால் போகும். ஒரு பாட்டு வாசித்தால் விரல் எரியும். ஜப்பான்காரன் செய்த சாமானில் அரம் வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? கிடாருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத் தங்கை கல்யாணம் நிச்சயமானது.

ரங்கூனின் வடக்குப் பகுதியான இன்செயினிலிருந்து கரென் இனத்துப் பையன் ஒருவன் வந்தான், சர்ச்சில் வாசிக்கிறவன், பத்தொன்பது இருபது வயசு இருக்கும். ஆகஸ்ட் கடைசி வாரம். 1,500 கியாட் பேசினோம், அன்றைக்கு என் ஐந்து மாதச் சம்பளம். இருபது 75 கியாட் நோட்டு, புதுசு மாதிரி மொடமொடவென்று. அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுப் பெட்டியில் பூட்டினாள். செப்டம்பர் 5, சனிக்கிழமை, 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனி செல்லாது, மாற்றியும் தரப்படாது என்று அறிவித்துவிட்டார்கள். அதே மாதம் 45-ம் 90-ம் என்று புது நோட்டு வந்தது, கூட்டினால் ஒன்பது வருகிற கணக்கு. எங்கள் பெட்டியில் இருந்த இருபதும் அன்றைக்குக் காகிதம். தங்கை கல்யாணம் கடனில் நடந்தது. அடுத்த வருஷம் ஊரே கொதித்தது, ஊரடங்கு வந்தது. நான் பழைய ஏணிப்படி கிடாரைத் திரும்ப எடுத்து, கம்பிக்கடியில் கைக்குட்டையைச் செருகிச் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் இருபது வருஷக் கதையை நீட்ட ஒன்றுமில்லை. வாங்கினேன், இரைந்தது, மாற்றினேன். தாய்லாந்து எல்லை வழியாக வந்தவை, சீனாவிலிருந்து வந்தவை, மோல்மேனில் ஒரு பாதிரியார் வீட்டு ஏலத்தில் எடுத்தது. படௌக் மரத்தில் முதுகும் பக்கமும் வைத்து இங்கேயே ஒருவர் செய்த கிடார் ஒன்று 1993-ல் வந்தது. தண்ணீர்த் திருவிழா சமயத்தில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டுமே, அதே படௌக். சவுங்கின் உடலும் அந்த மரம்தான். சிவப்பாக, தட்டினால் மணி மாதிரி கேட்கும். அதை மூன்றே வருஷத்தில் ஒரு தையல் மெஷினுக்கு மாற்றினேன், வீட்டுக்காரி தைத்து வந்த காசில்தான் பையனின் டியூஷன் நடந்தது, அதனால் அந்த பேரத்தைப் பற்றி மூச்சு விடமாட்டேன். 2003-ல் தையல் மெஷின் கொடுத்தவரே கூப்பிட்டு, "இது சும்மா மூலையில கிடக்குது அண்ணே, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று திருப்பிக் கொடுத்தார். இன்றும் இருக்கிறது.

2008 மே 2 ராத்திரி நர்கிஸ் புயல். டெல்டா பக்கம் ஊர் ஊராகப் போனதற்கு முன்னால் எங்கள் நஷ்டத்தைச் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. கூரைத் தகடு பறந்தது, அலமாரி மேல் இருந்த முதல் கிடார் விடியும்வரை நனைந்தது. காலையில் தூக்கினேன், பின்பலகை தனியாக, பக்கம் தனியாக, குச்சிகள் தனித்தனியாகக் கையில் வந்தன. வஜ்ஜிரம் போட்டு ஒட்டினது, தண்ணீரில் ஊறினால் கழன்றுவிடும். காயவைத்து ஒட்டலாம் என்று கட்டி வைத்தேன், அந்த மூட்டை எப்போது எங்கே போனது என்று தெரியவில்லை.

மறு வருஷம் ஒரு கிறிஸ்தவ நண்பரின் வீட்டுக் கல்யாணம், இன்செயினில். வாசித்துக்கொண்டிருந்த ஆள் நரைத்திருந்தான், கிடார் நரைக்கவில்லை. ஓட்டைக்குக் கீழே நான் 1983-ல் ஊதுவத்தியால் சுட்ட தழும்பு அப்படியே இருந்தது. பாட்டு முடிந்ததும் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "அகோ, அந்த நோட்டு விஷயம்... சத்தியமா எனக்குத் தெரியாது" என்று பர்மியத்தில் ஆரம்பித்தான் (அகோ என்றால் அண்ணன்), இருபத்திரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்திருக்கிறான். அதை விடு, கொடு பார்க்கலாம் என்று வாங்கி ஒரு ஜி அழுத்தினேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. கழுத்தை மாற்றினாயா, பலகையை மாற்றினாயா என்றால், ஒன்றும் இல்லை என்கிறான். பிரிட்ஜின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளைத் துண்டு, சேடில் என்பார்கள், கம்பிகளைக் கழற்றி அதை வெளியே உருவி அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்திருக்கிறான். வாங்கிப் போன அன்றைக்கு ராத்திரியே. பிறகு பிளாஸ்டிக்கை எறிந்துவிட்டு எலும்பில் ஒன்று செய்து போட்டிருக்கிறான்.

திருப்பித் தருகிறாயா என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியுமா? "காசு வேணும்னா இப்பவே தர்றேன் அகோ, கிடாரைக் கேக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் எலும்பு வேட்டை. மாட்டின் கால் எலும்பு வேண்டும், கெட்டியான நடுப்பகுதி. அம்மன் படம் இருக்கிற வீட்டில் மாட்டெலும்பைக் கொதிக்க வைப்பேன் என்றதும் வீட்டுக்காரி சூலத்தைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். தெருக்கோடி சூலியா பாயின் பிரியாணிக் கடைப் பின்கட்டில் இடம் கிடைத்தது. "என்ன அண்ணே, சூப்பா?" என்று கேட்டுவிட்டு அவரே எலும்பையும் பொறுக்கிக் கொடுத்தார். கொதிக்கவைத்து, மஜ்ஜையைச் சுரண்டி, பெட்ரோலில் இரண்டு நாள் ஊறப்போட்டு எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் மந்தமாக வரும். அப்புறம் அறுத்து, ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது வருகிற வாடை பல் டாக்டர் வீட்டு வாடை. பள்ளத்தில் அழுத்தினால் உட்கார வேண்டும், கவிழ்த்தால் விழக்கூடாது, அதுதான் அளவு. உயரக் கணக்கு ஒன்றே ஒன்று: பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியின் நட்டநடுவில் இருப்பதால், அங்கே அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லியதற்கு இரண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம். அவசரப்பட்டு முதல் மூன்றையும் அதிகம் தேய்த்துக் கெடுத்தேன்.

மழைக்காலத்துக்குச் சரியாகத் தேய்த்த எலும்பு ஜனவரியில் காலை வாரியது. காற்று காய்ந்ததும் பலகை இறங்கி, படௌக் கிடாரில் கம்பி ஃப்ரெட்டில் இடித்து இரைய ஆரம்பித்தது. உயர்த்த எதையாவது அடியில் வைக்க வேண்டும். அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கிண்டியதில் அந்த 75 கியாட் நோட்டுகள் வந்தன. ஒன்றை நாலாக மடித்து, கீற்றாக வெட்டிப் பள்ளத்துக்குள் வைத்தேன். காகிதம் வைத்தால் சத்தம் கொஞ்சம் அமுங்கும், உண்மைதான், ஆனால் அந்த நோட்டு ஒரு வேலைக்காவது செல்லுபடியான திருப்தி எனக்கு. பிறகு பனிக்காலத்துக்கென்று உயரமாகத் தனியாக ஒன்று செய்துவிட்டேன். இப்போது எந்தக் கிடாருக்கும் இரண்டு எலும்பு.

ஒட்டுப்பலகை மட்டம், முழுமரம்தான் உசத்தி என்று இணையத்தில் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் மயங்கினேன். 2014-ல் நாடு திறந்து சாமான்கள் வர ஆரம்பித்த சமயம், முழு ஸ்ப்ரூஸ் பலகை வைத்த ஒன்றைச் சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கி, பத்திரம் என்று மகன் வீட்டு ஏசி அறையில் வைத்தேன். ஏசி குடித்தது போதாதென்று பிப்ரவரி வறட்சியும் சேர்ந்துகொண்டது, பிரிட்ஜிலிருந்து அடிவரை ஒரு கோடு. அதை ஒட்டி, உள்பக்கம் சின்னச் சில்லுகள் வைத்து இறுக்கி, பாதி விலைக்குக் கொடுத்தேன். முழுமரத்துக்கு 45-லிருந்து 55 சதவீதம் ஈரப்பதம் வேண்டுமாம். நம் ஊரில் ஜூலையில் அதைக் கொண்டுவர வேண்டுமென்றால் அறைக்குள் மெஷின் ஓட வேண்டும், மெஷின் ஓட கரண்ட் வேண்டும். துணிப்பையில் அடுப்புக்கரியைக் கட்டிப் பெட்டிக்குள் வைப்பதுதான் நமக்குக் கட்டும். ஒட்டுப்பலகைச் சத்தம் முழுமரம் அளவுக்குக் கனிவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது மழை பார்த்தும் பிளக்காமல் இருக்கிறது.

சிங்கப்பூரில் இருக்கிற மச்சான் ரோஸ்வுட் கிடார் ஒன்று தருகிறேன் என்றபோது பயந்து வேண்டாம் என்றேன். 2017-ல் ரோஸ்வுட் மர வகைகளையெல்லாம் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டிருந்தார்கள், நம் தமலான் மரமும் அந்தக் குடும்பம்தான். 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு வந்தது. அதற்குள் மச்சான் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். பதினைந்தாவது அப்படித் தப்பியது.

இன்செயின்காரனுக்கு இப்போது கண் சரியில்லை. எலும்பு மாற்றுகிற வேலை என்னிடம் வந்துவிட்டது. வருஷத்துக்கு இரண்டு தடவை யமாஹா எங்கள் வீட்டுக்கு வரும், இந்த ஜூனில் அவன் மகள் கொண்டுவந்தாள். பத்து நிமிஷ வேலைதான். ஆனால் கீழே டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, அவசரமில்லாமல் ஒரு மணி நேரம் கழித்து வா என்று அவளை அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தவள் கதவைத் தட்டாமல் வாசலிலேயே நின்றிருக்கிறாள், பேத்தி சொல்லித்தான் தெரியும்.

கழற்றின பனிக்கால எலும்பைக் காகிதத்தில் சுற்றி, மேலே அவன் பெயரை எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நவம்பரில் வருவாள்.